கம்பிச் சக்கரம் போய் அலாய் வந்தது: என் எம்ஜிபி ஜிடியின் ஓராண்டுக் கணக்கு

ரிவர்ஸில் வண்டியை எடுத்துவிட்டு, முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விடும்போது பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். யாரோ கதவைத் தட்டுவது போல ஒரே ஒரு தட்டு. மூன்று வருடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். பழைய வண்டி என்றால் நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரேக்கை அழுத்தினால் ஒரு ‘டொக்’, விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னொரு ‘டொக்’ என்று அது பெருகியபோதுதான் ஜாக்கைக் கையில் எடுத்தேன். அன்று தொடங்கிய வேலை நான்கு அலாய் (அலுமினியக் கலவை) சக்கரங்களிலும், சக்கரம் உட்காரும் மையப் பகுதியான ஹப்பை மாற்றும் ஒரு கிட்டிலும் வந்து நின்றது. மாட்டிய முதல் வாரத்தில் எழுதியிருந்தால் ஒரேயடியாகப் புகழ்ந்திருப்பேன். மூன்றாவது வாரத்தில் எழுதியிருந்தால் திட்டியிருப்பேன். ஓராண்டுக்கு மேல் ஓட்டியாயிற்று, இப்போது எழுதலாம்.

வண்டி 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி, எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் உருவானது. கூரை மூடிய ஜிடி 1965இல் வந்தது. அந்தக் கூரைக்கு வடிவம் கொடுத்தது இத்தாலியின் பினின்ஃபரினா. இந்த வண்டியில் கம்பிச் சக்கரம் என்பது கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்த விருப்பப் பொருள். என் வண்டியின் முதல் சொந்தக்காரர் கொடுத்திருக்கிறார். 14 அங்குலம், நாலரை அங்குல அகலம், சக்கரத்துக்கு 60 கம்பி. ஸ்பேரையும் சேர்த்தால் 300 கம்பி. பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அவற்றைத் துடைத்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் கனம் தெரியும்.

கம்பிச் சக்கரத்தில் போல்ட் எதுவும் கிடையாது. ஹப்பின் வெளிப்புறம் முழுக்க நீளவாக்கில் பற்கள். சக்கரத்தின் மையத்தின் உட்புறத்திலும் அதே மாதிரிப் பற்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டை முடுக்கினால் தீர்ந்தது. கோவென்ட்ரியில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. பந்தயத்தில் ஒரு சுத்தியலும் ஒரு ஆளும் இருந்தால் சக்கரத்தை மாற்றிவிடலாம். நட்டுக்கு இரண்டு காதுகள், அதைச் செம்புச் சுத்தியலால் தட்ட வேண்டும். வண்டியின் இடப்பக்க நட்டுக்கு வழக்கமான மரை, வலப்பக்க நட்டுக்குத் தலைகீழ் மரை. இதைத் தெரியாமல் ஹப்களைப் பக்கம் மாற்றிப் பொருத்தினால் ஓடும்போது நட்டு தானாகத் தளர ஆரம்பிக்கும். பாதசாரிகள் மீது படக்கூடாது என்று அமெரிக்கா 1968 முதல் காது நட்டுகளைத் தடை செய்தது. எட்டுமூலை நட்டுகள் பரவலானது அதன் பிறகுதான். என் வண்டியில் இருந்தவை காது வைத்தவை. அவற்றைத் தட்டும் ஓசை எனக்குப் பிடிக்கும். காலை ஆறு மணிக்குத் தட்டினால் அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்காது.

அன்று பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஹப்பைப் பார்த்தேன். கருப்பாக இருக்க வேண்டிய கிரீஸ், செங்கல் பொடியைக் குழைத்துப் பூசியது போல இருந்தது. கிரீஸ் அந்த நிறத்துக்கு வந்துவிட்டால் இரும்போடு இரும்பு உரசித் துருவாகி அதில் கலந்துவிட்டது என்று அர்த்தம். துணியால் துடைத்தேன். நல்ல ஹப்பில் பற்களின் உச்சி தட்டையாக இருக்கும், இரண்டு பக்கச் சரிவும் ஒரே மாதிரி இருக்கும். என் ஹப்பில் ஒவ்வொரு பல்லும் சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, உச்சி கூராகியிருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு திசையில் வழுக்கியது, எதிர்த்திசையில் மாட்டியது. சக்கரத்தைத் திரும்பச் செருகி, நட்டை முடுக்காமல், மகளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஹப் அசையவில்லை, சக்கரம் மட்டும் ஆடியது. ‘டொக்.’

சக்கரங்களின் குறைகள் அதோடு நிற்கவில்லை. இரண்டு சக்கரங்களில் கோட்டம் இருந்தது. ஸ்பானரின் முனையால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் இறுக்கமான கம்பி ‘டிங்’ என்று பேசும், தளர்ந்த கம்பி மரத்தைத் தட்டியது போல ஊமையாக நிற்கும். முன் வலது சக்கரத்தில் ஒன்பது ஊமைகள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது ரிம் பக்கவாட்டில் இரண்டரை மில்லிமீட்டர் அலைந்தது. கோட்டம் எடுக்கலாம், இரண்டு முறை எடுத்தும் இருக்கிறேன். ஆனால் கம்பியை ரிம்மில் இழுத்துப் பிடிக்கும் சிறு நட்டுகளான நிப்பிள்கள் பழையதாகித் துருப்பிடித்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் திருகும்போது கம்பிதான் முறுகுகிறது, நிப்பிள் நகர்வதில்லை.

பிறகு டியூப். கம்பிகளின் நிப்பிள்கள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதால், பழைய பாணிக் கம்பிச் சக்கரத்தில் காற்று நிற்காது. டியூப் போட்டே ஆக வேண்டும். இப்போது கிடைப்பவை பெரும்பாலும் டியூப் இல்லாத ரேடியல் டயர்கள். அவற்றின் உட்சுவரில் இருக்கும் வரிகளும் ஒட்டிய சீட்டுகளும் டியூபை மெல்ல மெல்ல அறுக்கும். எனக்கு இரண்டு முறை பஞ்சர் ஆனது. இரண்டும் ஆணியால் அல்ல, டயரின் உட்புறமே டியூபைத் தின்றதால். டியூப் போனால் காற்று மெதுவாக இறங்காது, ஒரேயடியாக இறங்கும். இரண்டாவது முறை நான் வளைவில் இருந்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆக, வழிகள் மூன்று இருந்தன. புதிய கம்பிச் சக்கரங்களை வாங்கிப் பழைய ஹப்பிலேயே மாட்டுவது முதல் வழி. அது வேலைக்கு ஆகாது. தேய்ந்த ஹப் புதிய சக்கரத்தின் பற்களையும் சீக்கிரமே தன்னைப் போல ஆக்கிவிடும். ஹப்பும் புதிது, சக்கரமும் புதிது என்று போவதுதான் மரியாதையான வழி. அப்படிப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டியூப் இல்லாமல் ஓடும்படி ரிம்மை அடைத்துச் செய்த கம்பிச் சக்கரங்களும் இப்போது வருகின்றன. இரண்டாவது வழி, அதே பல் ஹப்பில் செருகும்படி மையத்தில் பல் வெட்டிய அலாய் சக்கரம். காது நட்டும் சுத்தியலும் அப்படியே இருக்கும், கம்பிகள் மட்டும் போகும். பார்க்க அழகு. ஆனால் என் பிரச்சினையே அந்தப் பற்களில்தானே? மூன்றாவது, ஹப்பையே மாற்றி, நான்கு போல்ட் அலாய்க்குப் போவது. அதைத்தான் செய்தேன்.

வாங்கிய சக்கரம் மினிலைட் பாணியைச் சேர்ந்தது. 1960களில் மினி கார்களுக்காக மெக்னீசியத்தில் வார்த்துத் தொடங்கிய எட்டு ஆரக்கால் வடிவம். இன்று அதே வடிவத்தை அலுமினியக் கலவையில் பல நிறுவனங்கள் வார்க்கின்றன. நான் வாங்கியதைச் செய்தவர் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் கீழே வரும். 14 அங்குலம், ஐந்தரை அங்குல அகலம், நான்கு துளை, துளை வட்டம் நாலரை அங்குலம், அதாவது 114.3 மில்லிமீட்டர். வெள்ளி நிறப் பூச்சு, மேலே லாக்கர்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்ஜிபியில் கம்பிச் சக்கர வண்டிக்கும் போல்ட் சக்கர வண்டிக்கும் பின் ஆக்சில் ஒன்றல்ல. கம்பிச் சக்கர வண்டியின் ஆக்சில் குட்டையானது, ஏனென்றால் பல் ஹப் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அந்தக் குட்டை ஆக்சிலில் சாதாரண போல்ட் ஹப்பை மாட்டினால் சக்கரம் உள்ளே போய்விடும். பின்னால் இருந்து பார்த்தால் வண்டி கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். ஆக்சிலையே மாற்றுகிறவர்கள் உண்டு. நான் வாங்கிய கிட்டில் பின் ஹப்களின் விளிம்பைத் தடிமனாகக் கடைந்து அந்தக் குறையை ஈடு செய்திருந்தார்கள். முன்பக்கத்துக்கு வழக்கமான போல்ட் ஹப். அந்தக் கிட்டின் கடைசல் வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்டட்கள் (நட்டு ஏறும் மரைத் தண்டுகள்) நேராக நின்றன, விளிம்பில் பிசிறு இல்லை, பின் ஹப் அதைச் சுழற்றும் அரைத்தண்டின் பற்களில் கையால் தள்ளியபோதே பாதி தூரம் போனது.

பொருத்த இரண்டு நாள் ஆயிற்று. முன்பக்கம்தான் நேரம் தின்றது. காலிப்பரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்தி, பழைய ஹப்பிலிருந்து பிரேக் டிஸ்க்கைப் பிரித்துப் புதிய ஹப்பில் மாட்டி, பேரிங்குகளை இறக்க வேண்டும். எம்ஜிபியின் முன் பேரிங்குக்கு இடைவெளியை ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையங்களை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். கையேடு கேட்பது 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை ஆட்டம். ஒரு ஷிம் கூட வைத்தால் ஆட்டம் அதிகம், ஒன்றை எடுத்தால் பேரிங் பிடிக்கிறது. ஐந்து முறை நட்டை முடுக்கி, ஐந்து முறை கழற்றினேன். பழைய ஹப்புக்கு வைத்திருந்த ஷிம்களே புதியதற்கும் போதும் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து அளந்து பாருங்கள். எனக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

பின்பக்கத்தில் வேலை எளிது, பலம்தான் வேண்டும். ஹப் நட்டுக்கு 150 பவுண்டு-அடி, ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர். நான் நீளக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்க, மகள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். “இன்னும் எவ்வளவு நேரம் அப்பா?” என்றாள் மூன்று முறை. நான்காவது முறை கேட்கவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்துவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடிபடவில்லை.

இனி அந்த நட்டுகளின் கதை. இந்த மாதிரி அலாய்க்கு வருவது கூம்பு முகம் கொண்ட சாதாரண நட்டு அல்ல. நட்டின் கீழே ஒரு குழாய் நீண்டிருக்கும். அது சக்கரத்தின் துளைக்குள் இறங்கி உட்காரும். நட்டின் தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவே தட்டை வாஷர். குறித்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ சொல்லும் டார்க் ரெஞ்சை 85 நியூட்டன் மீட்டரில் வைத்து ஒவ்வொன்றாக முடுக்கினேன். ‘கிளிக்.’ ‘கிளிக்.’ பதினாறும் கிளிக். மனநிறைவோடு வாஷரில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்கப் போனேன். வாஷர் என் விரலோடு சுற்றியது.

ஒரு கணம் புரியவில்லை. 85 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய நட்டின் கீழே வாஷர் எப்படிச் சுற்றும்? கழற்றி அளந்தபோது தெரிந்தது. நட்டின் குழாய், சக்கரத்தின் துளை ஆழத்தையும் வாஷரையும் சேர்த்த தடிமனைவிட நீளம். குழாயின் நுனி ஹப்பின் முகத்தில் போய் முட்டி நின்றுவிட்டது. டார்க் ரெஞ்ச் சொன்னது உண்மைதான்: நட்டு இறுகியிருந்தது, ஹப்போடு. சக்கரத்தை எதுவும் பிடித்திருக்கவில்லை. ரெஞ்சை மட்டும் நம்பி அப்படியே கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

விற்றவருக்கு எழுதினேன். “இன்னொரு வாஷர் சேர்த்துப் போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று பதில் வந்தது. அளவுகளையும் படங்களையும் அனுப்பி, எல்லோரும் செய்வதைச் செய்ய நான் தயாராக இல்லை என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்துக் குட்டைக் குழாய் நட்டுகள் வந்தன. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, பொட்டலத்தில் ஒரு சீட்டுகூட இல்லை. யானையை விற்றுவிட்டு அங்குசத்தில் கை வைத்த கதை. வார்ப்பில் இவ்வளவு அக்கறை காட்டிய ஒரு நிறுவனம், உயிரைப் பிடித்திருக்கும் பதினாறு நட்டுகளை எந்தப் பெட்டியிலிருந்தோ அள்ளிப் போட்டு அனுப்பியிருக்கிறது. பெயரைச் சொல்லாததற்குக் காரணம், சரியான நட்டு வந்த பிறகு அந்தச் சக்கரங்கள் நன்றாகவே இருக்கின்றன என்பதும், எனக்கு வந்த பெட்டி ஒன்றை வைத்து ஒரு பெயரைத் தூற்ற விரும்பவில்லை என்பதும். ஆனால் யாரிடம் வாங்கினாலும் சரி, முடுக்கி முடித்ததும் வாஷரை விரலால் தள்ளிப் பாருங்கள்.

இப்போது சக்கரத்தைப் பற்றி. டயல் கேஜில் பக்கவாட்டு அலைவு நான்கிலுமே 0.3 மில்லிமீட்டருக்குள். இரண்டரையிலிருந்து 0.3க்கு. பேலன்ஸ் செய்தவர் முதல் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை சுழற்றினார். பழைய சக்கரங்களுக்கு ஈயத்தை அப்பிக்கொண்டே போன அதே மனிதர்தான். இப்போது உட்புறம் ஒட்டும் எடைகள், அதிகபட்சம் 30 கிராம். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன்: டயரும் டியூபும் சேர்ந்த கம்பிச் சக்கரம் 16.3 கிலோ, டயரோடு அலாய் 14.2. டயர் அகலமானது என்றாலும் எடை குறைந்திருக்கிறது. வீட்டுத் தராசை ரொம்ப நம்ப வேண்டாம்; இரண்டு கிலோ வித்தியாசம் என்பது கைக்கே தெரிந்தது.

டயர், முன்பு 165ஆர்14. இப்போது 185/70ஆர்14. கணக்குப் போட்டால் விட்டம் 620 மில்லிமீட்டரிலிருந்து 615க்கு இறங்குகிறது, ஒரு சதவீதம்கூட இல்லை. வேகமானி உண்மையைவிட ஒரு இழை அதிகமாகக் காட்டும், அவ்வளவுதான். உரசல்தான் கவலை. எம்ஜிபியில் பின் இடது சக்கரத்துக்கும் மட்கார்டின் உள் விளிம்புக்கும் இடைவெளி வலப்பக்கத்தைவிடக் குறைவு என்பது இந்த வண்டியை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தனியாக ஓட்டியபோது ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பெட்டிகளுமாகப் போய் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ‘சர்ர்’ என்றது. டயரின் தோளில் நகக்கீறல் போல ஒரு கோடு. விளிம்பை உள்ளே மடித்துவிட்ட பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. மடிக்கும்போது பெயின்டைச் சூடாக்கிக்கொள்ளாவிட்டால் வெடிக்கும். எனக்கு ஓரிடத்தில் வெடித்தது.

ஓட்டம் எப்படி? 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கைக்குள் பட்டாம்பூச்சி போல நடுங்கும் பழக்கம் இருந்தது. முதல் நாளே போய்விட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை, போய்விட்டது. பிரேக் அழுத்தும்போது வண்டி நேர்கோட்டில் நிற்கிறது. வளைவில் நுழையும்போது முன்பு சக்கரம் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பிறகு திரும்புவது போல இருக்கும், இப்போது யோசிப்பதில்லை. விலையும் உண்டு. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் 185 டயர் என்றால், நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள்பட்டை வேலை செய்ய வேண்டும். சாலையின் கூர்மையான வெட்டுகள் முன்பைவிடக் கொஞ்சம் கடினமாக உள்ளே வருகின்றன. சாலையில் வரியோடும் பள்ளம் இருந்தால் வண்டி அதை மோப்பம் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறது. மெல்லிய டயர்தான் இந்த வண்டியின் குணம் என்று வாதாடுகிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், அவர்கள் சொல்வதில் பாதி சரி.

அந்த ‘டொக்’?

பாதி போனது. பிரேக் அழுத்தினால் வந்த ‘டொக்’ சுத்தமாக இல்லை. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு வரும்போது கேட்கும் தட்டு மட்டும், சுருதி இறங்கி, இன்னும் இருந்தது. நம்ப முடியவில்லை. ஹப் புதிது, சக்கரம் புதிது, நட்டு சரி. முதல் நாள் நட்டுகளைத் திரும்ப முடுக்கினேன். 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முடுக்கினேன், அலாயில் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை அது. தட்டு போகவில்லை. கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் தண்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் முறுக்கினேன். பின் முனையில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மடங்கும் இணைப்பு, தளர்ந்த பல் போல ஆடியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மூன்று வருடமாகக் கம்பிச் சக்கரங்களையே திட்டிக்கொண்டிருந்தேன். அவற்றின் சத்தத்துக்குள் இந்த ஜாயின்ட் சொகுசாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. ஜாயின்டை மாற்றிய அன்று வண்டி அமைதியானது. அந்த அமைதியில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஏதோ கிறீச்சிடுவது முதல் முறையாகக் கேட்டது. அது இன்னும் இருக்கிறது.

அதனால், ‘டொக்’ சத்தத்துக்காக மட்டும் சக்கரத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் அந்தத் தண்டை முறுக்கிப் பாருங்கள். ஜாயின்ட் என்பது அரை நாள் வேலை.

ஸ்பேர் சக்கரத்தை நான் மறந்தே போனேன். எல்லாம் மாட்டி முடித்துப் பின் கதவைத் திறந்தால், பலகைக்கு அடியில் ஐந்தாவது கம்பிச் சக்கரம் படுத்திருக்கிறது, வண்டியில் அதை மாட்ட ஒரு இடம்கூட இல்லாமல். ஐந்தாவது அலாய்க்கு மனம் வரவில்லை. இந்த வண்டிக்கே உரிய பழைய இரும்புச் சக்கரம் ஒன்று கிடைத்தது, அதைப் போட்டிருக்கிறேன். இதில் ஒரு பொறி இருக்கிறது: இரும்புச் சக்கரத்துக்குக் கூம்பு நட்டு வேண்டும், அலாயின் குழாய் நட்டு அதற்கு ஆகாது. ஸ்டட்டில் அதே அரை அங்குல மரைதான், நட்டுதான் வேறு. எனவே நான்கு கூம்பு நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி ஸ்பேரோடு வைத்திருக்கிறேன். இருட்டில், மழையில், சாலையோரம் நின்றுகொண்டு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

தோற்றம் பற்றி எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியாது. சக்கரங்களை மாட்டி வண்டியை வெளியே நிறுத்தியதும் மகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “நகையெல்லாம் கழற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினது மாதிரி இருக்கிறது அப்பா” என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கம்பிச் சக்கரத்தில் வெயில் படும்போது வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சக்கரம் சுற்றுவது போல ஒரு மினுக்கு இருக்கும். அது போய்விட்டது. இந்த எட்டு ஆரக்கால்கள் அந்தக் கால ராலி வண்டிகளின் சாயலைத் தருகின்றன. வண்டிக்குப் பொருத்தமில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வழியில் நிறுத்தி, “இந்தச் சக்கரம் எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்பவர்களும் இல்லாமல் போய்விட்டார்கள். முன்பு மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள்.

கழுவுவது பற்றி. 300 கம்பிகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்போது நான்கு சக்கரமும் பதினைந்து நிமிடம். மிச்சமான நேரத்தில் என்ன செய்கிறேன் என்று கேட்காதீர்கள்.

ஓராண்டில் லாக்கர் எப்படித் தாங்கியது? மூன்று சக்கரங்கள் புதிதாகவே இருக்கின்றன. நான்காவதில் ஒரு கல் தெறித்து விளிம்பில் சின்னக் காயம் பட்டது. அதைக் கவனிக்காமல் மழைக்காலத்தை ஓட்டிவிட்டேன். காயத்திலிருந்து லாக்கருக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் போல மெல்லிய கோடுகள் கிளம்பி, இப்போது விரல் நீளத்துக்குப் போயிருக்கின்றன. அலுமினியத்துக்கே உரிய நோய் இது; சிறு காயமாக இருக்கும்போதே லாக்கரைத் தொட்டு அடைத்திருந்தால் வந்திருக்காது. இது என் சோம்பல், தயாரித்தவர் தவறு இல்லை. ஹப் முகத்தில் செம்பு கிரீஸை மெலிதாகப் பூசித்தான் மாட்டினேன். அதனால் இந்த வாரம் கழற்றியபோது சக்கரங்கள் கையோடு வந்தன. பூசாமல் மாட்டினால் இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு எளிதில் விடாது.

மையத்து மூடிகள் மட்டும் வெறும் பிளாஸ்டிக், வெறும் நம்பிக்கையால் நிற்பவை. முதல் மாதத்தில் ஒன்று பறந்தது, ஆறாம் மாதத்தில் இன்னொன்று. மூடி இல்லாத இடத்தில் கிரீஸ் தொப்பி எட்டிப் பார்க்கிறது, பல் விழுந்த சிரிப்பு போல.

யாருக்கு இது ஒத்துவரும்? வண்டியை வாரம் ஒரு முறையாவது நீண்ட தூரம் எடுப்பவர், ஹப் ஏற்கெனவே தேய்ந்து போனவர், டியூபோடு வாழ்ந்து அலுத்தவர். காட்சிக்கு வைத்திருப்பவர், அல்லது ஹப் பற்கள் இன்னும் தட்டை உச்சியோடு இருப்பவர், கை வைக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தாலே அவை நீண்ட காலம் வரும். எதைச் செய்தாலும் பழைய ஹப்களையும் சக்கரங்களையும் விற்றுவிடாதீர்கள். என்னுடைய ஐந்தும் பரணில் இருக்கின்றன, காது நட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி இடது, வலது என்று எழுதி வைத்திருக்கிறேன். செம்புச் சுத்தியல் மட்டும் வண்டியிலேயே இருக்கிறது. அதற்கு இனி அங்கே வேலை இல்லை, எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை.

பறந்துபோன இரண்டு மூடிகளுக்கு மாற்று கேட்டு விற்றவருக்கு மறுபடி எழுதியிருந்தேன். நேற்று பொட்டலம் வந்தது. இந்த முறை உள்ளே ஒரு சீட்டு இருந்தது, ‘இரண்டு மூடிகள்’ என்று. மூடி ஒன்றுதான் இருந்தது.